புள்ளிகள் யாருடைய பணம்?

சென்ற மாதம் என் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. பன்னாட்டு விடுதிக் குழுமம் ஒன்றில் என் பெயரில் சேர்ந்துள்ள 62,000 புள்ளிகள் இன்னும் மூன்று மாதங்களில் காலாவதியாகும் என்று அது நினைவூட்டியது. பணியில் இருந்த கடைசிப் பத்தாண்டுகளில் ஆய்வுத் திட்டம், மதிப்பீட்டுக் குழு, கருத்தரங்கு என்று டெல்லிக்கும் ஐதராபாத்துக்கும் சென்று வந்தபோது சிறிது சிறிதாகச் சேர்ந்தவை அவை.

அந்தப் புள்ளிகளைக் கொண்டு மனைவியுடன் கொச்சிக்குச் சென்று மூன்று நாள்கள் தங்கலாம் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். மூன்றாண்டுகளுக்கு முன் விசாரித்தபோது அங்கு ஓர் இரவுக்கு 20,000 புள்ளிகள் கேட்டார்கள். இப்போது அதே விடுதியில், அதே வகை அறைக்கு 34,000 புள்ளிகள். மூன்று இரவுகள் ஓர் இரவாகச் சுருங்கிவிட்டன. வாடிக்கையாளர் சேவை மையத்தில் பேசிய இளைஞர், புள்ளிகளின் மதிப்பை எப்போது வேண்டுமானாலும் மாற்றும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு என்றும், உறுப்பினராகச் சேர்ந்தபோதே நான் அதற்கு ஒப்புதல் அளித்துவிட்டேன் என்றும் மிகுந்த பணிவுடன் தெரிவித்தார்.

முப்பத்தைந்து ஆண்டுகள் மாணவர்களுக்குப் பணவீக்கத்தைப் பற்றிப் பாடம் நடத்தியவன் நான். விலை 70 விழுக்காடு உயர்ந்தால் கையிலுள்ள பணத்தின் வாங்கும் திறன் 41 விழுக்காடு குறையும் என்பது கரும்பலகையில் பலமுறை போட்ட கணக்கு. அதே கணக்கு என் பெயரிலேயே நிகழ்ந்தபோதுதான், பரிசு என்று நான் நினைத்திருந்த ஒன்றைப் பொருளியல் மாணவனாகத் திரும்பிப் பார்க்கத் தோன்றியது.

காலி அறையின் கணக்கு

வாடிக்கையாளர்களைத் தக்கவைக்கச் சிறு பரிசுகள் தரும் வழக்கம் பழையது. அமெரிக்காவில் 1896-இல் தொடங்கப்பட்ட ஸ்பெரி அண்ட் ஹட்சின்சன் நிறுவனம் பச்சை நிற வில்லைகளை அச்சிட்டுக் கடைகளுக்கு விற்றது. கடைக்காரர்கள் அவற்றை வாடிக்கையாளர்களுக்கு வழங்கினர். வாடிக்கையாளர்கள் சிறு புத்தகங்களில் ஒட்டிச் சேர்த்து, பின்னர் வீட்டுப் பொருள்களாக மாற்றிக்கொண்டனர். வில்லைக்குக் கடைக்காரர் இன்று பணம் கொடுக்கிறார். பொருளை வாடிக்கையாளர் பல மாதங்கள் கழித்தே கேட்கிறார். சிலர் கேட்பதே இல்லை. இடைப்பட்ட காலத்தில் அந்தப் பணம் வில்லை அச்சிட்டவரின் கையில் இருக்கிறது. இன்றைய புள்ளித் திட்டங்களின் முழு இலக்கணமும் இந்தச் சின்ன ஏற்பாட்டுக்குள் அடங்கிவிடுகிறது.

1978-இல் அமெரிக்க விமானத் துறையில் அரசுக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டதும் போட்டி கடுமையானது. 1981-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் பயணிகளுக்கு மைல் கணக்கில் வெகுமதி தரத் தொடங்கியது. இரண்டே ஆண்டுகளில், 1983-இல், ஹாலிடே இன், மாரியட் ஆகிய விடுதி நிறுவனங்கள் அதே வழியைப் பின்பற்றின. 1987-இல் ஹில்டன் சேர்ந்துகொண்டது.

விடுதித் தொழிலுக்கு இந்த ஏற்பாடு ஏன் இவ்வளவு பொருந்தியது? அறை என்பது ஓர் இரவில் அழுகிவிடும் காய்கறியைப் போன்றது. இன்றிரவு விற்காத அறையை நாளைக்குச் சேர்த்துவைத்து விற்க முடியாது. கட்டடம், கடன் வட்டி, ஊழியர் சம்பளம் ஆகிய பெருஞ்செலவுகள் அறை நிறைந்தாலும் காலியாக இருந்தாலும் மாறுவதில்லை. ஒருவரைக் கூடுதலாகத் தங்கவைப்பதால் ஏற்படும் செலவு, விரிப்புகளைச் சலவை செய்வது, மின்சாரம், காலை உணவு போன்ற சிறு இனங்களே. 8,000 ரூபாய் வாடகையுள்ள அறைக்கு இந்தக் கூடுதல் செலவு 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். காலியாகக் கிடக்கும் அந்த அறையைப் புள்ளிக்குக் கொடுத்தால் வாடிக்கையாளருக்கு 8,000 ரூபாய்ப் பரிசு கிடைத்த மகிழ்ச்சி. கொடுத்தவருக்கு 1,200 ரூபாய்ச் செலவு. இந்த இடைவெளிதான் புள்ளித் திட்டத்தின் முதல் மூலதனம்.

சொந்த விடுதி இல்லாத விடுதி நிறுவனம்

ஆனால், பெயர்ப்பலகையில் உள்ள நிறுவனமும் விடுதியின் உரிமையாளரும் ஒருவரே என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பெரும்பாலான இடங்களில் அப்படி இல்லை. 1993-இல் மாரியட் நிறுவனம் தன்னை இரண்டாகப் பிரித்துக்கொண்டது. கட்டடங்களை வைத்திருக்கும் நிறுவனம் ஒன்று. பெயரையும் நிர்வாகத்தையும் வழங்கும் நிறுவனம் மற்றொன்று. இன்று மாரியட் பெயரிலும் அதன் துணைப் பெயர்களிலும் உலகெங்கும் இயங்கும் ஆயிரக்கணக்கான விடுதிகளில், அந்நிறுவனம் சொந்தமாகவோ குத்தகைக்கோ வைத்திருப்பவை ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. மற்றவற்றின் உரிமையாளர்கள் உள்ளூர் முதலீட்டாளர்கள், கட்டுமானக் குழுமங்கள், நிதி நிறுவனங்கள். பெயரைப் பயன்படுத்துவதற்கும் முன்பதிவு அமைப்பில் இடம்பெறுவதற்கும் அவர்கள் கட்டணம் செலுத்துகிறார்கள்.

புள்ளித் திட்டத்தின் பண ஓட்டத்தை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள முடியும். உறுப்பினர் ஒருவர் விடுதியில் தங்கிப் பணம் செலுத்தியதும், அவருக்குப் புள்ளி வழங்கியதற்காக விடுதி உரிமையாளர் ஒரு தொகையைக் குழுமத்தின் திட்ட நிதிக்குச் செலுத்த வேண்டும். பொதுவாக அது கட்டணத்தில் நான்கைந்து விழுக்காடு என்ற அளவில் இருக்கும். பின்னொரு நாள் அதே உறுப்பினர் வேறொரு விடுதியில் புள்ளிகளைக் கொடுத்துத் தங்கும்போது, திட்ட நிதியிலிருந்து அந்த விடுதிக்குப் பணம் போகிறது. விடுதி பெரும்பாலும் காலியாக இருந்த நாள் என்றால் கூடுதல் செலவை ஈடுகட்டும் சிறு தொகை. ஏறக்குறைய நிரம்பியிருந்த நாள் என்றால் வழக்கமான வாடகையை ஒட்டிய தொகை. இலவசம் என்று நமக்குத் தோன்றும் அறைக்கும் ஒருவர் பணம் கொடுத்திருக்கிறார். அவர் முன்கூட்டியே கொடுத்துவிட்டார் என்பதுதான் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

குழுமத்துக்கு இதில் என்ன ஆதாயம்? உறுப்பினர்களின் எண்ணிக்கைதான் புதிய விடுதி உரிமையாளர்களை ஈர்க்கும் தூண்டில். மாரியட், ஹில்டன் இரண்டுமே 2024-ஆம் ஆண்டு முடிவில் தலா 20 கோடிக்கும் அதிகமான உறுப்பினர்கள் இருப்பதாக அறிவித்தன. ஒரு நகரத்தில் புதிதாக விடுதி கட்டுபவரிடம், இத்தனை கோடிப் பேர் புள்ளி சேர்ப்பதற்காகவே உங்கள் வாசலுக்கு வருவார்கள் என்று சொல்ல முடிகிறது. 2016-இல் மாரியட் நிறுவனம் சுமார் 1,300 கோடி டாலர் கொடுத்து ஸ்டார்வுட் குழுமத்தை வாங்கியபோது, அந்த விலையில் ஸ்டார்வுட்டின் புகழ்பெற்ற புள்ளித் திட்டத்துக்கும் பெரும் பங்கு இருந்ததாகவே துறையினர் கருதினர்.

இணையவழி முன்பதிவுத் தளங்களும் இன்னொரு காரணம். அவை ஒவ்வோர் அறைக்கும் 15 விழுக்காடு, சில வேளைகளில் அதற்கு மேலும் தரகு பெறுகின்றன. வாடிக்கையாளரை நேராகத் தன் செயலிக்கே வரவழைத்துவிட்டால் அந்தத் தரகு மிச்சம். குழுமத்தின் சொந்தத் தளத்தில் முன்பதிவு செய்தால் மட்டுமே புள்ளி என்ற விதி பொதுவாகக் காணப்படுவது இதனால்தான். இடைத்தரகர்களின் ஆதிக்கம் கற்பனையல்ல. இந்தியாவில் விடுதிகள் மீது நியாயமற்ற நிபந்தனைகள் விதித்ததாகக் கூறி, மேக்மைட்ரிப்–கோஐபிபோ குழுமத்துக்கு 2022 அக்டோபரில் போட்டி ஆணையம் 223 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்ததை இங்கு நினைவுகூரலாம்.

வங்கிக்கு விற்கப்படும் நாணயம்

இதுவரை சொன்னது விடுதித் தொழில். இதற்கு மேல் நடப்பது ஏறக்குறைய வங்கித் தொழில்.

புள்ளிகளை மிகப் பெரிய அளவில் வாங்குபவை கடன் அட்டை வழங்கும் வங்கிகள். விடுதியின் பெயரைத் தாங்கிய கடன் அட்டையைக் கொண்டு நாம் மளிகை வாங்கினாலும், மருத்துவமனையில் பணம் கட்டினாலும் விடுதிப் புள்ளிகள் சேர்கின்றன. அந்தப் புள்ளிகளை வங்கி குழுமத்திடமிருந்து விலைகொடுத்து வாங்குகிறது. இத்தகைய கூட்டு அட்டைகளிலிருந்து மட்டும் 2024-இல் மாரியட் நிறுவனம் ஈட்டிய கட்டண வருவாய் 60 கோடி டாலருக்கும் அதிகம். அதற்காக ஒரு தலையணை உறைகூட மாற்ற வேண்டியதில்லை. இந்தியாவில் 2023-இல் எச்டிஎஃப்சி வங்கியுடன் இணைந்து மாரியட் அறிமுகப்படுத்திய அட்டை இந்த வகையைச் சேர்ந்தது. 2022-இல் டாடா குழுமம் தன் நியூ செயலியைத் தொடங்கியபோது, தாஜ் விடுதிகளின் உறுப்பினர் திட்டத்தையும் அதனுடன் பிணைத்தது. விடுதியில் சேரும் காசைக் கொண்டு அதே குழுமத்தின் மளிகைத் தளத்திலும் மின்னணுக் கடையிலும் பொருள் வாங்கலாம். அந்தக் காசுக்கு அவர்கள் சூட்டிய பெயரிலேயே நாணயம் என்று பொருள்தரும் சொல் இருக்கிறது.

இந்தப் புள்ளிகள் உண்மையிலேயே பணம்தானா என்ற ஐயத்தைக் கொரோனா பெருந்தொற்று தீர்த்துவைத்தது. 2020-இல் உலகெங்கும் விடுதிகள் மூடிக்கிடந்தன, தங்குவதற்கு ஆளில்லை. அந்த ஏப்ரலில் ஹில்டன் நிறுவனம் எதிர்காலப் புள்ளிகளை அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்துக்கு முன்கூட்டியே விற்று 100 கோடி டாலர் திரட்டியது. அடுத்த மாதம் மாரியட், அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், ஜேபி மார்கன் சேஸ் ஆகிய இரண்டிடமிருந்தும் சேர்த்து 92 கோடி டாலர் பெற்றது. அறைகள் காலியாக இருந்தபோதும், அந்த அறைகளின் பேரில் வழங்கப்படவிருந்த புள்ளிகளை வாங்க வங்கிகள் முன்வந்தன.

விமானத் துறையில் இதைவிட வியப்பான காட்சி. யுனைடெட் நிறுவனம் அதே ஆண்டில் தன் மைல் திட்டத்தை அடமானமாக வைத்துக் கடன் வாங்கியது. அந்தத் திட்டத்தின் மதிப்பாக அது சொன்ன தொகை சுமார் 2,200 கோடி டாலர். அப்போது அந்த விமான நிறுவனம் முழுவதற்கும் பங்குச்சந்தை தந்த மதிப்பு அதைவிட மிகக் குறைவு. நம் நாட்டிலும் ஒரு சான்று உண்டு. ஜெட் ஏர்வேஸின் பயணி வெகுமதித் திட்டம் தனி நிறுவனமாக்கப்பட்டு, 2014-இல் அதன் 50.1 விழுக்காட்டுப் பங்கை எதிகாட் நிறுவனம் 15 கோடி டாலருக்கு வாங்கியது. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் விமானங்கள் தரையிறங்கிவிட்டன. புள்ளித் திட்டமோ இன்டர்மைல்ஸ் என்ற புதுப்பெயரில் தொடர்ந்தது.

அறிவிக்கப்படாத பணவீக்கம்

கணக்கியல் விதிகளும் இதையே உறுதிசெய்கின்றன. இந்தியாவில் 2018 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள கணக்குத் தரநிலை 115-இன்படியும், அதற்கு மூலமான பன்னாட்டுத் தரநிலையின்படியும், புள்ளியுடன் சேர்த்து விற்ற சேவையின் முழு விலையையும் உடனே வருவாயாகக் காட்ட முடியாது. புள்ளிக்கு உரிய பகுதியை ஒதுக்கிவைத்து, வாடிக்கையாளர் அதைப் பயன்படுத்தும்போதுதான் வருவாயாகக் கொள்ள வேண்டும். அதுவரை அது நிறுவனத்தின் பொறுப்பு. 2023 முடிவில் மாரியட்டின் இருப்புநிலைக் குறிப்பில் இந்தப் பொறுப்பு சுமார் 700 கோடி டாலர். எளிய தமிழில் சொன்னால், நிறுவனம் தன் உறுப்பினர்களுக்குச் செய்துமுடிக்க வேண்டிய கடமையின் மதிப்பு அது. அந்தக் கடமைக்கு வட்டி இல்லை. திருப்பித் தரும் தேதி இல்லை. எவ்வளவு தர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவரும் கடன்பட்டவரே.

இந்தக் கடைசிக் கூற்று மிகையல்ல. முன்பு ஒவ்வொரு குழுமமும் விடுதிகளைத் தரம் பிரித்து, இந்தத் தரத்துக்கு இத்தனை புள்ளிகள் என்று அட்டவணை வெளியிட்டுவந்தது. 2017-இல் ஹில்டன் அட்டவணையைக் கைவிட்டது. 2022-இல் மாரியட் கைவிட்டது. அறை வாடகை ஏறும்போது புள்ளிக் கணக்கும் ஏறும் நெகிழ்வு விலை முறை வந்துவிட்டது. அட்டவணை இருந்தவரை மதிப்பு எப்போது குறைக்கப்பட்டது என்றாவது தெரிந்தது. இப்போது அறிவிப்பே இல்லாமல் மதிப்பு கரைகிறது. ஓர் அரசு தன் நாணயத்தின் மதிப்பைக் குறைத்தால் நாடாளுமன்றத்தில் கேள்வி எழும். ரிசர்வ் வங்கி ஆளுநர் விளக்கம் தருவார். இங்கு நாணயத்தை வெளியிடுபவரும், அதற்கு ஈடாகக் கிடைக்கும் ஒரே பொருளுக்கு விலை வைப்பவரும் ஒருவரே.

பயன்படுத்தாமலே காலாவதியாகும் புள்ளிகள் நிறுவனத்துக்கு இன்னொரு வருவாய். எத்தனை விழுக்காடு புள்ளிகள் என்றுமே திரும்பி வராது என்பதைப் பழைய தரவுகளைக் கொண்டு கணித்து, அந்த அளவுக்குப் பொறுப்பைக் குறைத்துக்கொள்ளக் கணக்கியல் இடம் தருகிறது. நம் மறதிக்கும் அவர்கள் ஏட்டில் ஒரு மதிப்பு இருக்கிறது.

இதை நமக்குப் பழக்கமான நகைச்சீட்டுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பதினொரு மாதம் பணம் கட்டி, பின்னர் நகையாக எடுத்துக்கொள்ளும் திட்டங்களை நகைக்கடைகள் நடத்துகின்றன. ஏன் பதினொரு மாதம்? பொருளுக்காக வாங்கிய முன்பணத்தை 365 நாள்களுக்குள் பொருளாகத் தராவிட்டால் அது வைப்புத்தொகையாகக் கருதப்படும் என்று, 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிகள் சொல்கின்றன. அதே போல, மின்னணுப் பணப்பை போன்ற முன்பணக் கருவிகளுக்கு ரிசர்வ் வங்கி குறைந்தது ஓராண்டு ஆயுளை விதித்திருக்கிறது. காலாவதிக்கு முந்தைய 45 நாள்களில் எச்சரிக்கை தர வேண்டும் என்கிறது. தெருமுனை நகைக்கடைக்குப் பொருந்தும் எச்சரிக்கை, கோடிக்கணக்கான டாலர் பொறுப்பைச் சுமக்கும் புள்ளித் திட்டங்களுக்கு இன்னும் எட்டவில்லை.

நாம் ஏன் விலகுவதில்லை?

மதிப்பு கரைவது தெரிந்தும் மக்கள் ஏன் விலகுவதில்லை? 2006-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதற்கு அழகான விடை தருகிறது. வாகனம் கழுவும் நிலையம் ஒன்றில் 300 வாடிக்கையாளர்களுக்கு முத்திரை அட்டை கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு எட்டுக் கட்டங்கள் கொண்ட வெற்று அட்டை. மீதிப் பேருக்குப் பத்துக் கட்டங்கள் கொண்ட அட்டை. ஆனால், அதில் இரண்டு முத்திரைகள் முன்கூட்டியே குத்தப்பட்டிருந்தன. இருவரும் இன்னும் எட்டு முறை வந்தால் போதும். வெற்று அட்டை பெற்றவர்களில் 19 விழுக்காட்டினர் முடித்தனர். இரண்டு முத்திரையுடன் தொடங்கியவர்களில் 34 விழுக்காட்டினர் முடித்தனர். பாதி வழி வந்துவிட்டோம் என்ற உணர்வே நம்மை இழுத்துச் செல்கிறது. சேர்ந்தவுடன் வழங்கப்படும் வரவேற்புப் புள்ளிகளும், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்ற படிநிலைகளும் இந்த உணர்வின் மேல் கட்டப்பட்டவை. ஆண்டு இறுதியில் தங்க உறுப்பினராக இன்னும் இரண்டே இரவுகள் என்று செய்தி வரும்போது, தேவையில்லாத ஊருக்குப் பயணம் செல்பவர்களை நான் அறிவேன்.

செலவை ஏற்பவர் யார்?

நான் சேர்த்த புள்ளிகளுக்குத் திரும்புகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஆய்வுத் திட்டம் ஒன்றின் பயணப் பட்டியலை எங்கள் கல்லூரிக் கணக்குப் பிரிவில் சமர்ப்பித்தேன். விடுதி ரசீதின் அடியில் என் உறுப்பினர் எண்ணும், அந்தத் தங்கலுக்குச் சேர்ந்த புள்ளிகளும் அச்சிடப்பட்டிருந்தன. ஓய்வு பெற இரண்டு ஆண்டுகளே இருந்த கண்காணிப்பாளர் அதைக் கூர்ந்து பார்த்துவிட்டு, “சார், ரூம் வாடகை திட்ட நிதியிலேருந்து போகுது. புள்ளி மட்டும் உங்க பேர்ல ஏறுதே, அது எந்தக் கணக்குல வரும் சார்?” என்று கேட்டார். அவர் குற்றம் சாட்டவில்லை. பேரேட்டில் ஒவ்வொரு பைசாவுக்கும் ஒரு தலைப்புத் தேடும் பழக்கத்தில் கேட்டார். நான் சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன்.

புள்ளித் திட்டங்களின் ஆணிவேரை அந்தக் கேள்வி தொட்டுவிட்டது. இந்தத் திட்டங்கள் குறிவைத்தவர்கள் தொடக்கம் முதலே அலுவல் பயணிகள். விடுதியைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர், பணம் கொடுப்பது அவருடைய நிறுவனம், வெகுமதியோ தேர்ந்தெடுப்பவருக்கு. 5,000 ரூபாய் அறை அருகிலேயே இருக்கும்போது, புள்ளிக்காக 7,000 ரூபாய் அறையை எடுக்கும் தூண்டுதல் அங்கே பிறக்கிறது. கூடுதல் 2,000 ரூபாய் முதலாளியின் பணம், பங்குதாரரின் பணம், அல்லது வரிசெலுத்துவோரின் பணம். பொருளியலில் இதை முதல்வர்–முகவர் சிக்கல் என்கிறோம். கொள்முதல் அலுவலருக்கு வியாபாரி தனியே ஒரு பரிசு அனுப்பினால் அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் வேறு.

நம் மத்திய அரசு இதை உணர்ந்தே இருக்கிறது. 2017 ஜூலையில் நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை வெளியிட்ட பயணப்படி ஆணை, அலுவல் பயண விமானச் சீட்டுகளால் சேரும் மைல் புள்ளிகளைத் துறையின் பிற அலுவல் பயணங்களுக்கே பயன்படுத்த வேண்டும் என்றும், சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்தினால் துறைரீதியான நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் கூறுகிறது. ஜெர்மனியின் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் 2006-இல், அலுவல் பயண மைல்களை முதலாளி கோரலாம் என்று தீர்ப்பளித்தது. அமெரிக்காவோ 2001-இல் சட்டம் இயற்றி, கூட்டாட்சி அரசு ஊழியர்களே அவற்றை வைத்துக்கொள்ள அனுமதித்தது. வீட்டைப் பிரிந்து அலைபவருக்குச் சிறு ஆறுதல் என்ற வாதமும் அதில் இருக்கிறது. எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் வெளிப்படையாக முடிவெடுத்தார்கள் என்பது முக்கியம். பல்கலைக்கழகங்களிலும் பெரும்பாலான தனியார் நிறுவனங்களிலும் இந்தக் கேள்வியை எழுப்புவதற்கே ஆளில்லை.

கடன் அட்டை வழியே சேரும் புள்ளிகளின் செலவு இன்னும் பரவலாக விழுகிறது. அட்டையைத் தேய்க்கும்போது கடைக்காரர் வங்கிக்குச் செலுத்தும் கட்டணத்திலிருந்துதான் வெகுமதிக்கான பணம் கணிசமாக வருகிறது. கடைக்காரர் அந்தக் கட்டணத்தைப் பொருளின் விலையில் ஏற்றுகிறார். அந்த விலையை ரொக்கம் கொடுப்பவரும் சேர்ந்தே செலுத்துகிறார். அமெரிக்காவின் பாஸ்டன் கூட்டாட்சி வங்கியின் பொருளியலாளர்கள் 2010-இல் இதைக் கணக்கிட்டனர். ரொக்கம் பயன்படுத்தும் ஒரு குடும்பம் சராசரியாக ஆண்டுக்கு 149 டாலரை அட்டை பயன்படுத்தும் குடும்பங்களுக்கு மறைமுகமாகக் கொடுக்கிறது என்பது அவர்கள் முடிவு. யுபிஐ பரிவர்த்தனைக்கு வணிகரிடம் கட்டணம் வசூலிக்காத இந்தியாவில் இந்தச் சுமை குறைவாக இருக்கலாம். ஆனால், வெகுமதி அட்டைகள் பெருகும் வேகத்தில் நாமும் அதே திசையில்தான் செல்கிறோம். இலவச இரவில் உறங்குபவரின் அறை வாடகையில், அந்த விடுதியின் வாசலைக்கூட மிதித்திராத ஒருவரின் சில ரூபாய்கள் இருக்கின்றன.

என்ன செய்யலாம்?

புள்ளித் திட்டங்களைத் தடைசெய்ய வேண்டும் என்று நான் வாதிடவில்லை. காலி அறை வீணாவதைவிட ஒருவருக்குப் பயன்படுவது நல்லது. நேரடி முன்பதிவால் இடைத்தரகு குறைவதும் நல்லதே. பணத்தின் வேலையைச் செய்யும் ஒன்று, பணத்துக்குரிய குறைந்தபட்ச ஒழுங்குக்கு உட்பட வேண்டும் என்பதே என் கோரிக்கை.

முதலாவதாக, புள்ளிகளின் மதிப்பைக் குறைக்கும் எந்த மாற்றத்துக்கும் மூன்று மாத முன்னறிவிப்பு கட்டாயமாக வேண்டும். அதற்குள் பழைய மதிப்பில் பயன்படுத்திக்கொள்ளும் வாய்ப்பும் வேண்டும். இரண்டாவதாக, முன்பணக் கருவிகளுக்கு உள்ளதைப் போலக் குறைந்தபட்ச ஆயுளும் காலாவதி எச்சரிக்கையும் புள்ளிகளுக்கும் விதிக்கப்பட வேண்டும். மூன்றாவதாக, இந்தியாவில் திட்டம் நடத்தும் நிறுவனங்கள், ஆண்டுதோறும் எத்தனை புள்ளிகள் வழங்கப்பட்டன, எத்தனை பயன்படுத்தப்பட்டன, எத்தனை காலாவதியாயின என்பதை வெளியிட வேண்டும். நான்காவதாக, பொது நிதியில் இயங்கும் எல்லா நிறுவனங்களும், விமான மைல்களுக்கு மத்திய அரசு வகுத்த விதியை விடுதிப் புள்ளிகளுக்கும் விரிவுபடுத்த வேண்டும்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நுகர்வோருக்குப் பாதகமான ஒருதலைப்பட்ச நிபந்தனைகளைக் கொண்ட ஒப்பந்தங்களை நியாயமற்ற ஒப்பந்தம் என்று வரையறுத்திருக்கிறது. ஆனால், அந்த அடிப்படையில் மாவட்ட ஆணையத்தில் வழக்குத் தொடுக்க முடியாது. மாநில ஆணையத்தையோ தேசிய ஆணையத்தையோதான் அணுக வேண்டும். சில ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள புள்ளிகளுக்காக எவர் அவ்வளவு தூரம் செல்வார்? தனிநபர் வழக்குக்குக் காத்திராமல், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே இதைக் கையிலெடுக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் 2019-இல் வெகுமதித் திட்டங்களை முழுமையாக ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2024-இல் நான்கு பெரிய விமான நிறுவனங்களின் திட்டங்கள் குறித்து விசாரணை தொடங்கியது. நம்மிடமும் இதற்கான நேரம் வந்துவிட்டது.

வாசகர்களுக்கு நான் சொல்லக்கூடிய நடைமுறை அறிவுரை ஒன்றுதான். புள்ளிகளைச் சேமிப்பாகக் கருதாதீர்கள். வட்டி இல்லாத, மதிப்பு உறுதியில்லாத ஒன்றை நீண்ட காலம் வைத்திருப்பது நட்டம். கிடைத்தவுடன் செலவழித்துவிடுங்கள். புள்ளிக்காக விலை கூடிய அறையை எடுக்காதீர்கள். நிலுவை வைக்காமல் கட்ட முடியாதென்றால் வெகுமதி அட்டையைத் தொடாதீர்கள். அந்த வட்டிக்கு முன்னால் எந்த வெகுமதியும் நிற்காது.

என் 62,000 புள்ளிகளில் 34,000-த்தைக் கொடுத்து கொச்சியில் ஓர் இரவு தங்கினோம். மற்ற இரண்டு இரவுகளுக்குப் பணம் கட்டினேன். திரும்பி வந்ததும், அந்த ஓர் இரவின் வாடகையைக் கணக்கிட்டு, எங்கள் கல்லூரியின் ஏழை மாணவர் நிதிக்கு அனுப்பிவைத்தேன். எந்தக் கணக்குத் தலைப்பில் வரவு வைத்தார்கள் என்று தெரியாது. அந்தக் கண்காணிப்பாளர் இருந்திருந்தால் ஒரு தலைப்பைக் கண்டுபிடித்திருப்பார்.

- கட்டுரையாளர், பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).